திருகோணமலை நகரின் பழைய குறிச்சிகளுக்கு அவற்றின் பெயரும் வரலாறும் சொல்லும் பலகைகள் வைத்துத் தருமாறு கோரிக்கை

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நான் உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன். போன மாதம் எங்கள் சந்தியில் புதிதாக ஒரு பெயர்ப்பலகை நட்டார்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழிலும் அப்படியே 'ஓர்ஸ் ஹில்' என்று எழுதியிருக்கிறார்கள், உவர்மலை என்ற சொல்லே அதில் இல்லை. அம்மா அதற்கு முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இது வேற இடமோ?" என்று கேட்டார். அதனால்தான் இந்த மனு.

இங்கே வருகிறவர்கள் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போய், மான்களோடு படம் எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போய்விடுகிறார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததும், அந்தக் கல்லையும் சேர்த்துக் கோட்டை கட்டியதும், 1803இல் அதற்கு பிரெட்றிக் என்று பெயர் விழுந்ததும் எல்லாருக்கும் தெரியும். சரி, அந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர்? 1988இல் வடக்கு கிழக்கு மாகாணத்துக்குத் தலைநகராகி, இப்போது கிழக்கு மாகாணத்தின் தலைநகராக இருக்கும் இந்த ஊரில், பெருந்தெரு எது, திருக்கடலூர் எது, மனையாவெளி எது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

டச்சுக் குடாவை ஒட்டிய டைக் வீதியில் நடந்து பாருங்கள். ஓடு போட்ட, மரத்தூண் வைத்த முன்விறாந்தையுள்ள வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. போன வருடம் அப்படி ஒரு வீட்டை இடித்தபோது, கதவு நிலையை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பிள்ளைகளின் உயரம் அளந்து கத்தியால் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. அந்த வீட்டின் ஒரு படமாவது யாரிடமும் இருக்கிறதா தெரியவில்லை. வெளி மைதானத்துக்குப் பக்கத்துப் பழைய சேமக்காலையில், 1852இல் பர்மாவில் இறந்த பிரித்தானியக் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டினின் கல்லறை இருக்கிறது, அதைத் தாண்டித் தினமும் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

இன்னொன்று அவசரம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்டதைச் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்கள், தாண்டியும் இருக்கிறார்கள். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத்தளத்தில் வேலை செய்தவர்களிலும் சிலர்தான் மிச்சம். தெருப்பெயர்கள் எப்படி வந்தன என்பது அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

ஆகவே, குறிச்சிகளின் பெயரை அங்கே இருக்கிற சனம் சொல்லுகிறபடி மூன்று மொழியிலும் எழுதி, கீழே நாலு வரி வரலாறும் சேர்த்துப் பலகை வைக்க ஒழுங்கு செய்யுங்கள். எழுதுமுன் கிராம உத்தியோகத்தர் மூலம் அங்குள்ள வயதானவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவும் செய்யட்டும். பழைய வீட்டை இடிக்க அனுமதி கொடுக்கும் முன் படமெடுத்து அளவு குறித்து வைக்கும்படி நகர நிர்வாகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் பெரிய உதவி. ஒலிப்பதிவு செய்ய நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

முதலில் எங்கள் சந்திப் பலகையில் உவர்மலை என்று எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
உவர்மலை வாசி ஒருவர்