பக்லாவாவுக்கு நெய்யே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெல்லிய மாவுத் தாள்களை நெய் தடவி அடுக்கி, இடையில் பருப்புப் பொடி வைத்துச் சுட்டு, பாகு ஊற்றும் இனிப்பான பக்லாவாவுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த செய்முறையைப் படித்தேன். கடையில் வாங்கித் தின்னும் பண்டம் என்று பலரும் ஒதுக்கிவிடும் இதை வீட்டில் செய்யத் தூண்டியது நல்ல முயற்சி. ஆனால், 'வெண்ணெய் அல்லது வனஸ்பதி' தடவலாம் என்றும், வெந்தபின் துண்டு போடலாம் என்றும் அதில் இருப்பதை அப்படியே பின்பற்றினால், விலை கொடுத்து வாங்கிய பிஸ்தா வீணாகும்.

வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. அது ஃபிலோ எனப்படும் அந்த மெல்லிய மாவுத் தாள்களை நமுக்க வைப்பதோடு, அதிலுள்ள பால் கசடு தாள் வேகும் முன்பே கருகிவிடும். வனஸ்பதியோ ஆறியதும் உறைந்து அண்ணத்தில் ஒட்டும். துருக்கியின் காசியான்டெப் நகரத்துப் பக்லாவாவுக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. அங்கு பிஸ்தாவுக்கும், பாலும் ரவையும் சேர்த்துக் காய்ச்சிய பாலேட்டுக்கும் இணையாக, கசடு நீக்கி உருக்கிய நெய்யையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நம் வீடுகளில் வெண்ணெய் காய்ச்சி எடுக்கும் நெய் இதற்கு மிகப் பொருத்தமானது. அரைக் கிலோ தாளுக்குக் கால் கிலோ நெய்யும், கொரகொரப்பாகப் பொடித்த முந்நூறு கிராம் பிஸ்தாவோ வால்நட்டோ போதும். அடுக்கி முடிக்கும்வரை மீதித் தாள்களை ஈரத்துணியால் மூடி வைக்காவிட்டால், அவை காய்ந்து நொறுங்கிவிடும்.

ஓவனில் வைக்கும் முன்பே அடித்தட்டு வரை கத்தியை இறக்கித் துண்டு போட்டுவிட வேண்டும். வெந்த பின்பு வெட்டினால் மேல் தாள்கள் உதிர்வதுடன், பாகு அடுக்குகளுக்குள் இறங்க வழியும் இருக்காது. 170 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரத்துக்குமேல் வைத்து, அடித்தாளும் பொன்னிறமாகும்வரை பொறுத்திருப்பது அவசியம்.

பாகைப் பற்றித்தான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். இரண்டு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர் விட்டு, கம்பிப் பதத்துக்குப் போகவிடாமல் குலாப் ஜாமூனுக்கு வைப்பதுபோலப் பிசுபிசுப்புப் பதத்திலேயே இறக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால், பின்னர் சர்க்கரை பூத்துக் கட்டியாகாது. காசியான்டெப்பின் கைதேர்ந்தவர்கள் சூடான பலகாரத்தின்மீது சூடான பாகையே ஊற்றுவார்கள் என்றாலும், கடைத் தாளில் முதன்முறையாகச் செய்பவர்கள் பாகை முன்கூட்டியே காய்ச்சி ஆறவைத்து, ஓவனிலிருந்து எடுத்த சூட்டிலேயே தட்டின்மீது பரவலாக ஊற்றுவது பாதுகாப்பானது, மொறுமொறுப்பு கெடாது. ஊற்றிய பின் மூடி போட்டால் ஆவி வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். ஓரிரவு திறந்தபடியே, எறும்பு அண்டாமல், வெளியில் இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டி வேண்டாம்.

பிஸ்தாவுக்குப் பதில் முந்திரி போடுவதில் எனக்கு மறுப்பில்லை, அது அவரவர் வசதி. நெய்யும் துண்டு போடும் நேரமும் அப்படிப்பட்டவை அல்ல. எனவே அடுத்த இணைப்பில் இவ்விரண்டுக்கும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, காரைக்குடி