முன்னாள் படைவீரர் சங்கங்களும் மனைவியின் பெயரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்னாள் படைவீரர் சங்கம் என்றால் பத்திரிகையில் டிசம்பர் 7 கொடி நாள் உண்டியலும் நினைவுத்தூண் மலர்வளையமும்தான் படமாக வருகின்றன. ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வுபெற்ற ஜனவரி 14-ஐ முன்னாள் படைவீரர் தினமாக வைத்திருக்கிறார்கள். போகி, பொங்கல் பரபரப்பில் நம் பக்கம் அன்றைக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. சங்கம் உண்மையில் உதவுகிற இடம் மேசையும் பழைய காகிதக் கட்டும்தான்.

உறுப்பினர் உயிரோடு இருக்கும்போதே அவர் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பதிவில் சரியாக உள்ளனவா என்று பார்ப்பது முதல் வேலை. படையிலிருந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் பாப்பா, ஓய்வூதிய ஆணையான பிபிஓவில் பாப்பாத்தி, ஆதாரில் பாப்பாத்தி அம்மாள் என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருக்கும். இனிஷியலோ திருமணத்துக்கு முன் தகப்பனாருடையது, பின் கணவருடையது. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் இது வெளியே வரும். கணவர் உயிரோடு இருக்கையில் அவரே கையெழுத்திட்டுக் கேட்டால் எளிது. அவர் போனபின் அதே பெண் ‘நான்தான் அவர் மனைவி’ என்று காகிதம் காகிதமாக நிரூபிக்க வேண்டும்.

திருத்தத்துக்கு விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகல்கள் வேண்டும். எழுத்துப் பிழையைத் தாண்டி பெயரே வேறாக இருந்தால் நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அவரவர் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு இவை போகவேண்டும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பலர் நேரே பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ரெக்கார்டு ஆபீஸ் பரிந்துரைத்தால்தான் அங்கே திருத்திய பிபிஓ போடுவார்கள்.

பிறந்த தேதியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40 என்று கூடுதல் ஓய்வூதியம் விதவைக்கும் உண்டு. பழைய பிபிஓக்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இல்லை. தேதி ஏறாதவரை அந்த அம்மாவுக்கு எண்பது ஆனது கணினிக்குத் தெரியாது.

அடுத்தது ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ் சான்று. ஓய்வூதியம் பாதுகாப்புத் துறையின் இணையவழி அமைப்பான ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகும், இ-சேவை மையத்தில் பணம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சான்று உருவாகும், குறுஞ்செய்தியும் வரும். ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாது, பணம் நிற்கும். ஸ்பர்ஷ் என்றே தேர்ந்தெடுத்து, சாய்கோடு போட்ட பழைய பிபிஓ எண்ணை விட்டு ஸ்பர்ஷ் பிபிஓ எண்ணைத் தரவேண்டும். ‘மறுமணம் ஆனவரா’ என்ற கேள்வியில் கைதவறி ‘ஆம்’ அழுத்தினாலும் வம்புதான். களை பறித்துத் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காவிட்டால் முகப் பதிவு இருக்கிறது. உயிர்வாழ் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப்பதிவுச் செயலியும் ஏற்றிய ஒரு செல்பேசியோடு சங்கத்தார் வீட்டுக்கே போய், நல்ல வெளிச்சத்தில் முடித்துவிடலாம். சான்று ஏற்கப்பட்டதா என்று சில நாள் கழித்துப் பார்ப்பதையும் அவர்களே செய்யவேண்டும்.

கோரிக்கை மனுக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்தில் தொடங்கி, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸில் மருந்துத் தட்டுப்பாடு, கேன்டீன் வரிசை, வீட்டுமனை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி முப்பது பேர் கையெழுத்திட்டால், அந்த மனுவை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று எழுத்தருக்கே தெரியாது. ஒரு மனுவுக்கு ஒரு குறை. மேலே படை எண், பதவி, பெயர், ரெக்கார்டு ஆபீஸ், பிபிஓ எண். கீழே முந்தைய கடிதத்தின் எண், தேதி. ஆட்சியர் அலுவலகச் சிறப்புக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக்கூடாது.

ஓய்வூதியத்துக்கான 15 ஆண்டுகளை முடிக்காமல் வெளியே வந்தவர்கள் சங்கப் பக்கமே வருவதில்லை. ஹவில்தாரும் அதற்குக் கீழும் இருந்து, ஓய்வூதியம் இல்லாமல் 65 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் போர்டு வழியாக மாத உதவித்தொகை உண்டு. அவர்களைத் தேடிப் போகிற சங்கமே சங்கம் என்பேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். குறைதீர் கூட்டம் முடிந்த மறுநாள் படம் போடுவதைவிட, நான்கைந்து நாள் முன்னதாக அதன் தேதியையும், கொண்டுவர வேண்டிய காகிதங்களையும் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வெளியிடுங்கள்.

– முன்னாள் ராணுவ கிளார்க் ஒருவர், வேலூர் மாவட்டம்