ஆயிரம் முறைக்குக் குறைந்தால் கூலி இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்பட நிறுவனமோ பெரிய இசை நிறுவனமோ பின்னணியில் இல்லாமல், தாமே பாட்டெழுதி, இசையமைத்து, ஒலிப்பதிவுச் செலவையும் கைக்காசிலிருந்து போட்டு வெளியிடும் என் போன்ற சுயாதீன இசைக்கலைஞர்களுக்கு இசைச் செயலிகள் பணம் பிரித்துத் தரும் முறை குறித்து எழுதுகிறேன்.

மாதச் சந்தா கட்டும் ஒருவர், அந்தப் பணம் தாம் கேட்கும் கலைஞர்களுக்கே போகிறது என்றுதான் நினைத்திருப்பார். பெரும்பாலான செயலிகளில் நடப்பது வேறு. எல்லோருடைய சந்தாவும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, அந்த மாதத்தின் மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் ஒவ்வொரு பாடலின் பங்கு எவ்வளவு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுவதும் என் பாடல்களை மட்டுமே கேட்ட ரசிகரின் பணம்கூட, அவர் ஒருமுறையும் கேட்டிராத நட்சத்திரங்களுக்குப் போய்ச் சேருவது இப்படித்தான். போதாக்குறைக்கு, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவுக்கான ராயல்டி (உரிமைத்தொகை) கிடையாது என்ற விதியை 2024-இல் ஸ்பாட்டிஃபை இசைச் செயலி கொண்டுவந்தது. அந்தத் தொகையைத் தாங்கள் வைத்துக்கொள்வதில்லை, தகுதி பெற்ற மற்ற பாடல்களுக்கே பகிர்கிறோம் என்பது அவர்களுடைய விளக்கம். 999 முறை கேட்கப்பட்ட பாடலின் வருமானத்தை, ஏற்கெனவே நன்றாக ஓடும் பாடல்களின் கணக்கில் ஏற்றுகிறோம் என்பதைத்தான் அவர்கள் இவ்வளவு பக்குவமாகச் சொல்கிறார்கள்.

இதைவிட மனத்தை நோகடிப்பது போலிக் கேட்பு என்ற குற்றச்சாட்டு. மென்பொருளைக் கொண்டு கேட்பு எண்ணிக்கையைச் செயற்கையாக ஏற்றிவிடும் கூட்டம் இருப்பது உண்மை. அதைத் தடுத்தே ஆகவேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தார், சந்தேகம் வராமல் இருப்பதற்காகச் சம்பந்தமில்லாத பாடல்களையும் தங்கள் பிளேலிஸ்ட்டில் இடையிடையே செருகி வைப்பதுண்டு. என் பாடல் ஒன்று அப்படி முகம் தெரியாத யாரோ ஒருவரின் பட்டியலில் ஏறியிருக்கிறது. பாடல் நீக்கப்பட்டது, அதற்குரிய தொகையும் நிறுத்தப்பட்டது என்று எங்கள் பாடல்களைச் செயலிகளில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்திடமிருந்து இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது. எந்தப் பட்டியல், எந்தத் தேதி, எத்தனை கேட்பு என்று விவரம் கேட்டெழுதினால், முடிவு இறுதியானது என்ற தானியங்கிப் பதில்தான் கிடைத்தது. (நட்சத்திரங்களின் பாடலுக்கும் இதே இரண்டு வரிதான் போகுமா என்று அறிய ஆவல்.) புதிய பதிவாக மறுபடி ஏற்றினால் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும், மீண்டும் 1,000-க்காகக் காத்திருக்க வேண்டும்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ரசிகரால் வரும் பணத்தையும் அவர் கேட்ட கலைஞர்களுக்கே பிரித்துத் தரும் முறையை சவுண்ட்கிளவுட் என்ற இசைச் செயலி 2021-இலேயே தொடங்கிவிட்டது. மற்ற செயலிகளும் அதைப் பின்பற்ற வேண்டும். ஒரு பாடலை நீக்குமுன் ஆதாரத்தைக் காட்டி எங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். எங்கள் மீது தவறில்லை என்று தெரிந்தால், நிறுத்திவைத்த தொகையை, வட்டி இல்லாவிட்டாலும், முழுமையாகவாவது தர வேண்டும்.

இப்படிக்கு,
சுயாதீன இசைக்கலைஞர் ஒருவர்