‘நாலு வோல்ட்’ என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சார்ஜ் லைட்டும் பேட்டரியும் விற்கும் கடை முதலாளிகளுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டினத்தில் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். நீங்கள் விற்றதில் கெட்டுப்போவதுதான் என் மேசைக்கு வருகிறது. அந்த வகையில் என் வீட்டு அடுப்பு உங்கள் தயவில் எரிகிறது. ஆனாலும் சென்ற மாதம் ஒரு தலை விளக்கைத் திறந்து பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கொண்டுவந்தவர் மல்லி பறிக்கும் ஓர் அக்கா. மொட்டு விரிவதற்குள் பறித்து முதல் பஸ்ஸில் மூட்டையை ஏற்றியாக வேண்டும் என்பதால், விடியற்காலை மூன்று மணிக்கே தோட்டத்தில் இறங்கிவிடுவார். செடிக்கு அடியில் கட்டுவிரியன் கிடக்கிறதா என்று பார்ப்பதும் அந்த நெற்றி வெளிச்சத்தில்தான். விளக்கின் முதுகு பிளந்து, உள்ளே இருந்த தட்டையான லித்தியம் செல் பூரி போல உப்பியிருந்தது. “பேட்டரி மாற்றி இருபது நாள்கூட ஆகவில்லை தம்பி” என்றார்.

அது ஈய பேட்டரிக்காகச் செய்த விளக்கு. பழைய பேட்டரி போனதும் கடைக்குப் போய் ‘நாலு வோல்ட் பேட்டரி’ கேட்டிருக்கிறார். கடைக்காரர் கையில் இருந்ததைக் கொடுத்து, ஒயரையும் பற்றவைத்துத் தந்திருக்கிறார். பேச்சு வழக்கில் இரண்டுமே நாலு வோல்ட்தான். ஆனால் நாலு வோல்ட் ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது 4.8 வோல்ட் வரை போகும். அது அதன் இயல்பு. லித்தியம் அயனி செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அந்த விளக்கில் சார்ஜர் என்று இருந்தது ஒரு கெபாசிட்டரும் நான்கு டயோடும் மட்டுமே. டிரான்ஸ்பார்மர் கிடையாது, நிறைந்ததும் நிறுத்த ஒரு ஏற்பாடும் கிடையாது. இரவு முழுக்கச் சொருகி வைத்தால் இரவு முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகையும் செல்லோடு இல்லை. அக்கா அதைத் தலைமாட்டில் வைத்து சார்ஜ் போட்டிருக்கிறார், ஓலைக் கூரை வீட்டில். தீப்பிடிக்காமல் போனது அவர் செய்த புண்ணியம்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், பேட்டரி விற்கும்போது அது ஈயமா, லித்தியம் அயனியா, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டா என்று பில்லில் எழுதுங்கள். மூன்றாவது வகைக்கு 3.65 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும். அதற்கும் தனி சார்ஜர்தான். பில் போடாத கடையாக இருந்தால் அட்டைப் பெட்டியின் மேல் பேனாவால் கிறுக்கினாலும் போதும். பழைய பேட்டரியைக் கொண்டுவரச் சொல்லி, பார்த்துவிட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது, எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கு 9,900 மில்லியாம்பியர் மணி என்று அச்சடித்த உருளை லித்தியம் செல். அதன் அளவுப் பெயரான 18650 என்பதற்கு 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். அந்த உடம்புக்குள் பெயர் பெற்ற நிறுவனங்களே ஏறக்குறைய 3,500 மில்லியாம்பியர் மணிதான் அடைக்கின்றன. ஒருவர் கொண்டுவந்த 9,900-ஐ மீட்டரில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன், 1,100 தேறியது. மீட்டர் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. என் கடைக்கு அடுத்தது நகை செய்யும் பத்தர் கடை. அவர் தராசில் வைத்ததும் 27 கிராம் காட்டியது. நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். “இதில் செய்கூலி அதிகம், சேதாரம் அதைவிட அதிகம்” என்றார் பத்தர். மொத்த வியாபாரி அனுப்புவதைத்தான் நீங்கள் விற்கிறீர்கள், தெரியும். பெட்டி வந்திறங்கும்போது ஒரே ஒரு செல்லை நிறுத்துப் பாருங்கள்.

நெடுஞ்சாலை ஓரத்து லாரி மெக்கானிக்குகள் காந்தம் வைத்த லைட்டுகளை அடிக்கடி கொண்டுவருகிறார்கள். செல் போயிருக்கும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் மூடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். நான்கு திருகாணி வைத்த லைட்டுக்கு ஐம்பது நூறு கூடுதலாகச் சொன்னாலும் அவர்கள் மறுக்க மாட்டார்கள், காரணத்தைச் சொன்னால்.

இன்னொன்று சிரிப்புக்குரியது. ‘புது லைட், சார்ஜே ஏறவில்லை’ என்று பாலக்கோட்டில் இருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். லைட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. டைப்-சி துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சிறு ரெசிஸ்டர்களைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டிருந்தார்கள். அதனால் இரு முனையும் டைப்-சி ஆன ஒயரில் ஏறாது. ஒரு முனை பழைய அகலச் சொருகியாக இருக்கும் ஒயரில் ஏறும். கல்லாவில் இருந்தபடியே நீங்கள் சொல்லியிருக்கலாம், அவருக்குப் பஸ் டிக்கெட் மிச்சமாகியிருக்கும்.

மாந்தோப்புக் காவலுக்கு வாங்குகிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காய் இறங்கியதும் லைட்டைப் பரணில் போட்டுவிட்டு அடுத்த பருவத்தில் எடுக்கிறார்கள். ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். முழுக்க ஏற்றி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதி சார்ஜில் வைத்தால் போதும்.

பழைய செல் விஷயம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஈயத்துக்கு விலை உண்டு, பழைய இரும்புக் கடைக்காரர் தேடி வந்து வாங்குகிறார். லித்தியம் செல்லை வாங்க ஆள் இல்லை, குப்பையோடு கொளுத்துகிறார்கள். பேட்டரி தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். காவேரிப்பட்டினத்தில் செத்த செல் ஒன்றைப் போட இடம் இல்லை. உங்களுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரியிடம் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். நான் ஒருவன் கேட்டால் போனை வைத்துவிடுகிறார். பத்துக் கடை கேட்டால் யோசிப்பார்.

அதுவரை என் கடை வாசலில் மணல் போட்ட பெயிண்ட் டப்பா ஒன்று இருக்கிறது. இரு முனையிலும் டேப் ஒட்டி உங்கள் கடைப் பழைய செல்களையும் கொண்டுவந்து போடலாம். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. மற்ற நாளில் வந்தால், சந்தேகப்படும் புது செல்லையும் பத்தர் தராசில் நிறுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினத்து மெக்கானிக்