பழைய பக்கத்தை அழிக்க விடாதீர்கள்: செபிக்கு ஒரு திறந்த மடல்

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். வீட்டிலும் சொந்தத்திலுமாக ஒன்பது பேருடைய பங்குகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மாவின் ஓய்வுப் பணம், தங்கை மகள் படிப்புக்குச் சேர்த்தது என்று எல்லாமாக 43 நிறுவனங்களில் இருக்கிறது. வேலைக்குப் போகிற ஒருவர் 43 நிறுவனங்களின் அறிவிப்புகளையும் தினமும் உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு சின்னதாக ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். விடிகாலை 5 மணிக்கு பழைய லேப்டாப்பில் அது ஓடும். ஒவ்வொரு நிறுவனத்தின் முதலீட்டாளர் பக்கத்தையும் அதில் உள்ள கோப்புகளையும் இறக்கி, நேற்று இருந்ததோடு ஒப்பிட்டு, போன வரியைச் சிவப்பிலும் புதிதாக வந்த வரியைப் பச்சையிலும் காட்டும்.

பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருக்காது. பக்கத்தின் மூலையில் ஓடும் பங்கு விலை மாறினால்கூட ஆரம்பத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அதையெல்லாம் தள்ளிவிடப் பழக்கவே இரண்டு மாதம் ஆயிற்று.

அப்புறம் ஒரு நாள் காலை, பெரியம்மா பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு சிவப்பு வரியும் ஒரே ஒரு பச்சை வரியும் வந்திருந்தன. தொடர்புடைய தரப்பினருடனான (நிறுவனத்தை நடத்துபவர்கள், அவர்களின் குடும்பம், அவர்களின் மற்ற கம்பெனிகள்) பரிவர்த்தனைக் கொள்கை என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வைத்திருக்குமே, அந்தக் கோப்பு. தணிக்கைக் குழு ஏற்கெனவே அனுமதித்த ஒரு பரிவர்த்தனையின் மதிப்பு எவ்வளவு கூடினால் மறுபடி அனுமதி கேட்க வேண்டும் என்பது அந்த வரி. சிவப்பில் 10 சதவீதம், பச்சையில் 25 சதவீதம். கோப்பின் பெயர் மாறவில்லை. கடைசிப் பக்கத்தில் 'திருத்தப்பட்ட நாள்' என்ற இடத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியே நின்றது.

அந்த மாற்றத்தை இயக்குநர் குழு முறைப்படி நிறைவேற்றியிருக்கலாம். விளக்கம் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. ஆனால் என் லேப்டாப்பில் ஒரு பிரதி இல்லாமல் போயிருந்தால், அங்கே 10 என்று ஒரு எண் இருந்ததையே என்னால் யாரிடமும் காட்டியிருக்க முடியாது. புரொமோட்டரின், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பவரின், சொந்தக் கம்பெனிக்குப் பணம் போகும் வாசலில் நிற்கிற எண் அது. அது மாறியதைச் சிறு முதலீட்டாளர் தற்செயலாகத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், எனக்கு மனசு ஆறவில்லை.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் எதை எப்போது வெளியிட வேண்டும் என்று சொல்லும் 2015ஆம் ஆண்டின் எல்ஓடிஆர் விதிகளும் 2023இல் நீங்கள் கொண்டுவந்த திருத்தமும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணை. முக்கிய நிகழ்வு நிறுவனத்துக்குள்ளேயே நடந்தால் 12 மணி நேரம், வெளியிலிருந்து வந்தால் 24 மணி நேரம், இயக்குநர் கூட்டத்தின் முடிவென்றால் 30 நிமிடம் என்று பங்குச் சந்தைக்குத் தெரிவிக்கக் கெடு வைத்தீர்கள். சந்தை மூடிய பிறகு முடியும் கூட்டத்துக்கு அது இப்போது 3 மணி நேரம். பங்குச் சந்தைக்குப் போகும் அந்த அறிவிப்பில் தேதியும் நேரமும் பதிந்துவிடும்.

ஓட்டை இருப்பது அதே எல்ஓடிஆரின் 46ஆம் விதியில். கொள்கைகள், சுயாதீன இயக்குநர்களின் நியமன நிபந்தனைகள் போன்றவற்றை நிறுவனம் தன் இணையதளத்தில் போட வேண்டும், மாற்றம் இருந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்கிறது அது. சரி, புதுப்பித்துவிட்டார்கள். பழையது எங்கே? அதையும் மக்கள் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. நான் கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால், குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து போடுவேன். அழித்து எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார். பட்டியலிடப்பட்ட நிறுவனத்திடம் அந்த ஒழுங்கைத்தான் எதிர்பார்க்கிறேன்: பழைய பதிப்பு தேதியோடு அங்கேயே இருக்கட்டும், எந்த வரி மாறியது என்று மேலேயே எழுதட்டும். பங்குச் சந்தையில் 'திருத்தப்பட்டது' என்ற தலைப்போடு மறுபடி தாக்கலாகும் நிதி முடிவுகளுக்கும் இதுவே பொருந்தும். நாற்பது பக்கத்தில் எதைத் திருத்தினார்கள் என்று தேடுவதற்கே ஒரு ராத்திரி போய்விடுகிறது.

அமெரிக்காவில் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் அரசுத் தளமான எட்கரில் ஆண்டறிக்கையைத் திருத்தினால், 10-கே என்ற படிவத்தின் பெயரோடு ஏ என்ற எழுத்து சேர்ந்து தனித் தாக்கலாக வரும். பழையதும் பக்கத்திலேயே இருக்கும். நம் ப்ரோக்ராம் யாருடையது என்று பெயரும் மின்னஞ்சலும் சொல்லி, நொடிக்கு 10 கோரிக்கைக்கு மேல் போகாமல் இருந்தால் போதும், காசில்லாமல் தகவலை எடுக்கலாம். பிரிட்டனின் நிறுவனப் பதிவு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸ் 2015இல் தன் டிஜிட்டல் ஆவணங்களை இலவசமாக்கியது. ஒரு நிறுவனத்தைப் பின்தொடர்ந்தால், அது புதிதாக எதைத் தாக்கல் செய்தாலும் மின்னஞ்சல் வந்துவிடும். அங்கே இருந்தால் என் ப்ரோக்ராமில் பாதி தேவைப்படாது. நம் சந்தைகளும் இப்படி வெளிப்படையான வரம்பு வைத்து, சின்ன ப்ரோக்ராம்களுக்கு வழிவிட வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணினியில் அடித்ததை அச்செடுத்து, கையெழுத்து போட்டு, கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றுகிற நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. போன காலாண்டில் ஒன்று பார்த்தேன். வட்டமான ஊதா முத்திரை சரியாக நிகர லாபத்தின் மேல் விழுந்திருந்தது. எழுத்துணரி மென்பொருள் 3ஐ 8 என்று படித்தது. பெரிதாக்கிப் பார்த்தும் எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. நிதி முடிவுகளைக் கணினி நேரடியாகப் படிக்கக்கூடிய எக்ஸ்பிஆர்எல் வடிவிலும் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் குறிப்புகளும் கொள்கைகளும் தணிக்கையாளர் விலகல் கடிதமும் பிடிஎஃப்பில்தானே வருகின்றன? தேட முடியாத கோப்பைத் தாக்கலாகவே ஏற்காதீர்கள்.

மேலே சொன்ன கொள்கைக் கோப்பின் இரண்டு பதிப்புகளும், அவற்றை இறக்கிய தேதியோடு என்னிடம் இருக்கின்றன. 46ஆம் விதியைத் திருத்துவது பற்றி நீங்கள் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டால், நிறுவனத்தின் பெயரோடு இரண்டையும் உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு சிறு முதலீட்டாளர்