ஸ்டென்ட் மாற்றும் முன் ஒரு கேள்வி

அன்புள்ள தம்பி,

கணையக் குழாய் அடைக்காமல் இருக்க உள்ளே வைத்த சின்னக் குழாயை, அதுதான் அந்த ஸ்டென்ட்டை, மூன்று மாதம் கழித்து மாற்ற வரச் சொன்னார்கள் என்று நேற்று போனில் சொன்னாய். அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. உன் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார். மல்லாந்தால் வலி முதுகுக்குப் பாயும். தட்டில் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைப்பார், வாயில் போடப் பயம். ஆம்பூரிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கி, இரண்டு வருஷத்தில் வாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோபி ஐந்து தடவை. உடம்பில் கத்தி படவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். கடைசியில் ஆபரேஷன்தான் நடந்தது. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் கணையக் குழாய் அடைத்து வீங்கிய 39 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் முடிவு வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களில் 75 சதவீதம் பேருக்கு வலி முழுசாகவோ ஓரளவோ குறைந்திருந்தது. எண்டோஸ்கோபி பக்கம் 32 சதவீதம்தான். பிற்பாடு அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆபரேஷனுக்கே போனார்கள். 2020இல் அதே நாட்டில் 88 பேரிடம் செய்த ஆய்விலும், சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் வலி குறைவு. ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் என்றால் கணையத்தையே எடுத்துவிடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறாள். உன் மாமாவுக்கு அப்படிச் செய்யவில்லை. கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து, அதை அடைத்திருந்த கல்லை எடுத்து, சிறுகுடலின் ஒரு வளையத்தை அதோடு சேர்த்துத் தைத்தார்கள். கணையநீர் நேராகக் குடலுக்குள் போய்விடும். தையல் கசியலாம், புண் ஆற நாளாகும், அதெல்லாம் உண்டு. சர்க்கரை வந்திருந்தால் அதுவும் இதனால் போகாது. குழாய் வீங்காதவர்களுக்கு இந்த ஆபரேஷன் பொருந்தாது. கணையத்தின் தலைப்பக்கம் ஒன்றிரண்டு கல் மட்டும் என்றால் உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலையால் உடைத்து எண்டோஸ்கோபியில் எடுத்தாலே போதுமானவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் இந்த முறை டாக்டரிடம் கேள்: "என் குழாய் எத்தனை மில்லிமீட்டர்? கல் எங்கே இருக்கிறது? சர்ஜனையும் ஒரு தடவை பார்க்கட்டுமா?" பழைய ஸ்கேன் ஃபிலிம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள். பீடியை இன்றைக்கே விடு, அதற்கு டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை.

குடியாத்தத்திலிருந்து காலை ரயிலில் வா. நான் காட்பாடி பிளாட்பாரத்தில் நிற்பேன்.

உன் அக்கா