பதிவேட்டைப் படுக்கைவாக்கில் படியுங்கள்: ஒரு புது வகுப்பாசிரியருக்குக் கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் பொறுப்பு முதன்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. வாழ்த்துகள். போட்டிகள், விழாக்கள், தேர்வுகள், பெற்றோர் கூட்டம் என்று தலைக்கு மேல் வேலை இருக்கும். அதில் வருகைப் பதிவேட்டைப் பற்றி மட்டும் இந்தக் கடிதம். அந்த நோட்டை ஒழுங்காகப் படித்தால் மற்ற வேலைகளில் பாதி தானாகவே வழிக்கு வரும்.

தினமும் காலையில் நாம் பதிவேட்டை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறோம். நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், 95 சதவீதம், நல்ல வகுப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்த 95 சதவீதத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 200 வேலை நாள் என்றால், தினம் இரண்டு பேர் வீதம் மொத்தம் 400 விடுப்பு. நாற்பது பேரும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்து நாள், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பத்துப் பேர் ஆளுக்கு முப்பது நாள் வராமல், மீதி முப்பது பேரும் சேர்ந்து நூறு நாள் மட்டும் வராமல் இருந்தாலும் அதே 95 சதவீதம்தான் வரும். வகுப்பில் கால்வாசிப் பிள்ளைகள் ஒன்றரை மாதப் பாடத்தை இழந்திருப்பார்கள், தினசரிக் கணக்கு அதைக் காட்டவே காட்டாது. அதனால் பதிவேட்டைப் படுக்கைவாக்கிலும் படியுங்கள், ஒவ்வொரு பிள்ளையின் வரியாக.

வாரக் கடைசி நாளில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு பெயரின் வரி முடிவிலும், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்ற கூட்டுத்தொகையைப் பென்சிலால் எழுதுங்கள். மாதாமாதம் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தால் பயனில்லை. மாதம் இரண்டு நாள் என்பது தனியாகப் பார்த்தால் சின்ன எண். இருபது வேலை நாளில் அது 10 சதவீதம். நாள்பட்ட வராமை என்று கல்வித் துறையில் பரவலாகச் சொல்லும் எல்லையும் அதுதான். 5 சதவீதத்தைத் தாண்டும்போதே பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மருத்துவச் சான்று இருக்கிறதா, முன்னனுமதி வாங்கினார்களா என்பது அலுவலகத்துக்கு முக்கியம். உங்களுக்கு எல்லா விடுப்பும் ஒன்றுதான். காய்ச்சலில் போன அல்ஜீப்ரா பாடமும் பாடம்தான்.

ஒன்பதாம் வகுப்பில் இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. சிகாகோ உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு ஒன்று, ஒன்பதாம் வகுப்பில் யார் பாடங்களில் தோற்பார்கள் என்பதை முந்தைய ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணைவிட வருகையே நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது என்று கண்டது. முதல் இடைத்தேர்வு வரும்வரை நாம் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கிறோம். பதிவேடு அதற்கு முன்பே, முதல் மாதத்திலேயே சொல்லிவிடுகிறது.

புள்ளி வைத்த பெயர்களுக்கு, வராத நாட்களைக் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேதிகள் பேசும். திங்கட்கிழமைகளாகவே இருந்தால் வார இறுதியில் தூக்கம் தாறுமாறாகிறது என்று சந்தேகிக்கலாம். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குப் போகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, ஆனால் உறக்கம் வருவதே பிந்தித்தான். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாடவேளை வரும் நாட்களாக இருந்தால் அந்தப் பாடத்திலோ அந்த வகுப்பறையிலோ ஏதோ பயம் இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய நாளாக இருந்தால் படிக்க எடுத்த விடுப்பு, அதை நிறுத்துவது எளிது. மாதத்துக்கு ஒருமுறை சீராக இரண்டு நாள் ஒரு மாணவி வரவில்லை என்றால், முதலில் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர், தாழ்ப்பாள், குப்பைத்தொட்டி மூன்றும் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். தேதிகளில் ஒழுங்கே இல்லாவிட்டால் வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கலாம், போக்குவரத்துச் சிக்கலாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

கேட்கும் விதம்தான் எல்லாம். வகுப்பு நடுவில் நிற்கவைத்து “நேத்து ஏன் வரலை?” என்று கேட்டால் வருகிற பதில் “உடம்பு சரியில்லை டீச்சர்” மட்டுமே. அதோடு அந்தப் பிள்ளை மறுநாளும் வரத் தயங்கும். வராத அன்றே, முதல் இரண்டு பாடவேளைக்குள் வீட்டுக்கு போன் போடுங்கள். “பையன் இன்னிக்கு வரலை, நல்லா இருக்கானான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்மா” என்று ஆரம்பியுங்கள். பிறகு, “இந்த வருஷம் இதோட ஒன்பது நாள் ஆச்சு” என்று கூட்டுத்தொகையைச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த எண்ணைக் கேட்டதும் “அவ்வளவா?” என்றுதான் கேட்பார்கள். தங்கள் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பிலடெல்பியாவில், மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதை வீட்டுக்குக் கடிதமாக அனுப்பிப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், கடிதம் போன வீடுகளில் நாள்பட்ட வராமை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. மிரட்டல் எதுவும் இல்லை, ஓர் எண் அவ்வளவுதான். போனில் அபராதம், பெயர் நீக்கம் என்று பேச ஆரம்பித்தால் அடுத்தமுறை எடுக்க மாட்டார்கள்.

தாமதமாக வருபவர்களையும் தனிக் குறியீட்டில் பதியுங்கள். தினம் 15 நிமிடம் என்றால் 200 நாளில் 50 மணி நேரம். போவது எப்போதும் முதல் பாடவேளைதான். பல பள்ளிகளில் அங்கேதான் கணிதம் இருக்கும்.

இப்போது யாரும் கவனிக்காத ஒரு கூட்டத்துக்கு வருகிறேன்: சாதிக்கிற பிள்ளைகள். ஓட்டப்பந்தயம், சதுரங்கம், பேச்சுப்போட்டி, அறிவியல் கண்காட்சி என்று பள்ளிக்காக வெளியே போகிறவர்களுக்குப் பதிவேட்டில் ‘பணி’ என்று போட்டு வந்ததாகவே கணக்கு வைக்கிறோம். அது நியாயம். ஆனால் வட்டப் போட்டி, அடுத்த நிலை, பயிற்சி முகாம், பரிசளிப்பு எல்லாம் கூட்டினால் ஒரே பருவத்தில் பதினைந்து நாள்கூட வகுப்பில் இல்லாத மாணவர் இருப்பார். பதிவேடு நூறு சதவீதம் என்று சொல்லும், இயற்பியலில் விசை பாடமே அவர் காதில் விழுந்திருக்காது. பிறகு மதிப்பெண் இறங்கும், “விளையாட்டுதான் கெடுத்தது” என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். திறமை அங்கேயே முடிந்துபோகும். இதைத் தடுக்க நம்மால் முடியும். ‘பணி’ நாட்களை உங்கள் பென்சில் கணக்கில் தனியாக எண்ணுங்கள். போட்டி அட்டவணை கைக்கு வந்ததும் பாட ஆசிரியர்களிடம், அந்தந்த நாளில் எந்தப் பாடம் நடக்கப்போகிறது என்று ஒரு வரி வாங்கி, பிள்ளை புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்த வாரத்தில் தேர்வு வைக்காமல் இருக்க அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

விடுப்பு முடிந்து வருகிற எல்லாருக்கும் பொதுவான ஒரு தவறு உண்டு. ஐந்து நாள் குறிப்பையும் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்து எழுதும், கை வலிக்கும், ஒன்றும் மண்டையில் ஏறாது. அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். வகுப்பில் பாடத்துக்கு ஒரு கோப்பு வையுங்கள். நல்ல கையெழுத்துள்ள ஒருவர் முறை வைத்து, அன்று நடந்த தலைப்பு, பக்க எண், கரும்பலகையில் போட்ட ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு, வீட்டுப்பாடம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அதில் போடட்டும். திரும்பி வருபவர் அந்தத் தாளைப் படித்து, தாளுக்கு இரண்டு கணக்கோ இரண்டு கேள்வியோ புத்தகத்தைப் பார்க்காமல் செய்யட்டும். முடியாததை மட்டும் பக்கத்தில் இருக்கும் துணை மாணவரிடம் கேட்கட்டும். வரிசையும் முக்கியம்: அடுத்த பாடம் எதன்மேல் நிற்கிறதோ அதை முதலில். சமன்பாடு தெரியாமல் வரைபடத்துக்குப் போக முடியாது. வரலாற்றில் ஒரு பாடம் இரண்டு வாரம் காத்திருக்கலாம்.

நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: அதை விட்டுவிடுங்கள். ஆண்டின் இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அந்தப் பரிசு அன்றே போய்விட்டது, மீதி மாதங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து உட்காருகிறவர் பக்கத்து வரிசைக்கும் ஒட்டவைப்பார். கலிபோர்னியாவில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில், முழு மாத வருகைக்குப் பரிசு உண்டு என்று முன்கூட்டிச் சொன்னது சராசரியில் வருகையைக் கூட்டவில்லை. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்தபோது, வாங்கியவர்கள் அடுத்த மாதம் கூடுதலாக விடுப்பு எடுத்தார்கள். மற்றவர்களைவிட, பள்ளி எதிர்பார்ப்பதைவிட நாம் அதிகம் வந்துவிட்டோம் என்ற செய்தியே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். போன பருவத்தில் பதினொரு நாள் வராதவர் இந்தப் பருவத்தில் நான்கு நாள்தான் வரவில்லை என்றால், அவரைத் தனியே கூப்பிட்டு அந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள். வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். நல்ல செய்திக்காகப் பள்ளியிலிருந்து போன் வந்தே பார்க்காத வீடுகள் எத்தனையோ.

சாதனைகளை மட்டும் மேடையில் தாராளமாகக் கொண்டாடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்து, நகல் ஒன்றை மாணவர் கோப்பில் வையுங்கள். ஓர் எழுத்துப் பிழையைப் போட்டி நடத்தியவர்கள் அந்த வாரத்தில் திருத்தித் தருவார்கள், மூன்று வருடம் கழித்துக் கேட்டால் ஆளே இருக்க மாட்டார்கள்.

ஆண்டு முடிவில் பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் பதிவேட்டோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். புள்ளி வைத்த பெயர்கள், மொத்த நாட்கள், காரணம் தெரிந்தால் அது, எது பலித்தது, வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும். ‘ஒழுங்கில்லாதவன்’ போன்ற சொற்கள் அதில் வேண்டாம். வீட்டு ரகசியங்களை எழுதாமல் நேரில் சொல்லுங்கள். உங்களுக்கு எட்டாம் வகுப்பு ஆசிரியரிடமிருந்து அப்படி ஒரு குறிப்பு வந்திருக்காவிட்டால், இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள். அவருக்கு இன்னும் எல்லாப் பெயரும் நினைவில் இருக்கும்.

அன்புடன்,
சக ஆசிரியர்